புடவை விரிக்கப் பதினேழு படிகள்

நான் படித்த படிப்பின் பெயரைச் சொன்னால் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரியாது. ஆக்குபேஷனல் தெரபி. எழுபதுகளின் தொடக்கம் அது. தெரபி என்றால் என்ன என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை; ஆக்குபேஷன் என்றால் வேலை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு மாமி ஒருநாள் என்னைக் குளக்கரையில் நிறுத்தி, "எங்காத்துப் பிள்ளை பி.காம் முடிச்சுட்டு ஒரு வருஷமா சும்மா உக்காந்துண்டிருக்கான். உங்க ஆபீஸ்ல சொல்லி ஒரு வேலை வாங்கிக் குடேன்" என்றார். வேலை வாங்கித் தரும் படிப்பு இல்லை மாமி, கைகால் விளங்காமல் போனவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழக்குகிற படிப்பு என்று விளக்கினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நர்ஸ் மாதிரி என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அந்த நர்ஸ் மாதிரியும் பிடிக்கவில்லை. "ஏண்டி, ஊர்ல வேற படிப்பே இல்லையா? அன்னிய ஆம்பளை கையைப் பிடிச்சுண்டு, மடக்கு, நீட்டுன்னுண்டு... நாளைக்குப் பொண் பாக்க வரவாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்பாள். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "கவர்ன்மென்ட் உத்தியோகம் கிடைக்குமாம்" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே வாதம் அதுதான். அதை வைத்தே மூன்று வருஷம் என்னைக் காப்பாற்றினார்.

எங்கள் பள்ளி அடையாற்றில், பாலம் தாண்டி, ஒரு சிறிய மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. ஒன்பது பெண்கள். ஒரே ஆசிரியை. அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். நடுவகிடு எடுத்து, புடவையை ஊசி குத்தி, எப்போதும் அவசரத்தில் இருப்பார். முதல் நாள் வகுப்பில், டீ போடுவதைப் படிப்படியாக எழுதுங்கள் என்றார். நான் ஐந்து படி எழுதினேன். "தீப்பெட்டியைத் திறந்தது யார்? குச்சியை எந்த விரலால் எடுத்தீர்கள்? உரசும்போது இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்டுக்கொண்டே போனார். அன்று மாலைக்குள் என் டீ நாற்பது படியாகிவிட்டது. ஒரு செயலை இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான், நோயாளி எந்தப் படியில் தடுமாறுகிறார் என்பது தெரியும். அந்தப் படியை மட்டும் எளிதாக்கிக் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்க வேண்டும். எங்கள் படிப்பின் அஸ்திவாரமே அதுதான்.

எனக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. அப்பா சவரம் செய்வதையும் அம்மா பூத்தொடுப்பதையும் எதிரே உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். "என்னடி, போலீஸ்காரி மாதிரி" என்று அம்மா எரிச்சல்படுவாள். வீட்டில் அவர்கள் யோசிக்காமல் செய்வதையெல்லாம் நான் யோசித்து எழுதிவிட்டேன் என்பதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அந்தத் தலைக்கனத்துக்கும் பங்கு உண்டு.

செய்முறையும் உண்டு. வலது கையை உடம்போடு கட்டிக்கொண்டு ஒரு முழுநாள் கழிக்க வேண்டும், என்னென்ன முடியவில்லை என்று குறித்து வர வேண்டும். பல் தேய்த்தேன், தலை வாரத் திண்டாடினேன், சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இடது கையைத் தட்டில் வைத்ததும் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அவள் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்று சொல்லி, மூன்று வேளையும் அவளே பிசைந்து ஊட்டினாள். "உணவு: பிறர் உதவியுடன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

புத்தகங்கள் எல்லாம் வெளிநாட்டு அச்சு. அவற்றில் இருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டார்கள். "ரொட்டி என்று வருகிற இடத்தில் இட்லி என்று போட்டுக்கொள்ளுங்கள், கோட்டு என்றால் சட்டை" என்பார் மேடம். நாங்களும் போட்டுக்கொண்டோம். மேசையையும் நாற்காலியையும் மட்டும் ஒருவரும் மாற்றவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நோயாளியின் கால் எங்களுடையது இல்லை. நடக்க வைப்பது பக்கத்து அறைக்காரர்களான பிசியோதெரபிகாரர்களின் பொறுப்பு. கை எங்கள் பொறுப்பு. அவர்கள் எங்கள் அறைக்கு வர மாட்டார்கள், நாங்களும் அங்கே போக மாட்டோம்.

கடைசி வருஷத்தில் ஆளுக்கு ஒரு நோயாளியை ஒப்படைப்பார்கள். ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, அவரைப் பற்றி எழுதி, வெளியூரிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். எனக்கு ஒப்படைக்கப்பட்டவரை அந்த இடத்தில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் ஒரு பெரிய பட்டுக்கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக விற்பனை. வயது நாற்பத்தைந்து இருக்கும். பக்கவாதம் வலப்பக்கத்தை அடித்திருந்தது. பேச்சு தப்பித்தது, கால் ஓரளவு தேறி, கம்பு ஊன்றி நடந்தார். வலது கை மட்டும் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது.

முதல் நாளே கேட்டார். "டாக்டரம்மா, என் சோலிக்கு நான் திரும்பப் போவணும். அதுக்கு என்ன செய்யணுமோ அதை மட்டும் சொல்லுங்க, செய்யுதேன்."

"நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. ஸ்டூடண்ட்."

"எனக்கு நீங்கதானே பாக்குதிய. அப்ப நீங்கதான் டாக்டர்."

முதலாளி அவருக்கு ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தார். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும்போது அவர் தன் இடத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். அவர் இருந்த வீடும் கடை கொடுத்த வீடுதான். வேலை போனால் எல்லாமே போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அவர் மனைவி வாரம் ஒருமுறை வந்து, பயிற்சி அறை வாசலில் நின்று, அவர் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சியின் தொழிலை நான் பிரித்து எழுதினேன். பதினேழு படிகள். மடித்த புடவையைக் கையில் எடுத்தல், விளிம்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்தல், மணிக்கட்டைச் சுண்டி உதறுதல், முந்தானையை வாடிக்கையாளர் பக்கம் திருப்புதல் என்று போய், மறுபடி மடித்து ஓரங்களை நேராக்குவதில் முடியும். மேடம் அதைப் பார்த்துவிட்டு மற்ற எட்டுப் பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அந்த ஒரு வாரம் எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

பயிற்சி தொடங்கியது. முதலில் சாய்பலகையில் மணல்தாள் ஒட்டிய கட்டையை இரண்டு கையாலும் தள்ளுவது. பிறகு களிமண் பிசைவது. பிறகு துளைப்பலகையில் குச்சிகளைச் செருகுவது. அதற்குப் பிறகு துண்டு மடிப்பது. அண்ணாச்சி வியர்க்க வியர்க்கச் செய்வார். ஒரு குச்சியைச் செருகக் கால்மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் எனக்குக் கை நீட்டி உதவ மனம் துடிக்கும். உதவக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

நான்காம் மாதம் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கொண்டுபோனேன். ஐந்தாம் மாதம் டிரங்குப் பெட்டியிலிருந்து அவளுடைய பட்டுப்புடவையைச் சொல்லாமல் எடுத்துப் போனேன். நீள மேசையின் ஒரு பக்கம் அண்ணாச்சி, எதிர்ப்பக்கம் நான். அவர் புடவையைத் தடவிப் பார்த்தார். "காஞ்சிபுரம். நல்ல கனம்" என்றார். பிறகு விளிம்பைப் பிடித்து ஓர் உதறு உதறினார். முழுசாக விரியவில்லை, பாதி தூரம்தான் போனது. ஆனால் கூடவே அவர் குரல் மாறியது. நான் ஐந்து மாதமாகக் கேட்காத குரல்.

"பாருங்கம்மா, உடம்பு மாம்பழக் கலரு, பார்டர் அரக்கு. லைட் வெளிச்சத்துல தெரியாது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல பாருங்க. பொண்ணு மணையில உக்காந்தா அம்மன் மாதிரி இருக்கும்."

அறையில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். பக்கத்து அறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்தப் படிப்பு எதற்கு என்று யாராவது இனி கேட்கட்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கே அண்ணாச்சி ஒன்று கேட்டார். "டாக்டரம்மா, ஒரு தடவ தரையில உக்காந்து விரிச்சுப் பாப்பமா? கடையில கீழதான உக்காருவோம்."

பக்கவாதம் வந்தவரைத் தரையில் உட்கார விடக் கூடாது, விழுந்தால் எலும்பு முறியும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதோடு என் பயிற்சித் திட்டத்தில் அந்த வாரத்துக்கு வேகமாக மடிப்பது என்று எழுதியிருந்தேன். "தரையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கையில பலம் வந்துட்டா மத்தது தானா வந்துடும்" என்றேன்.

"சரி, நீங்க சொன்னாச் சரிதான்" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து, வார்டில் வேலை செய்யும் அட்டெண்டர் என்னை வராந்தாவில் மறித்தார். வாய்க்கு வந்ததைப் பேசுவார், ஆனால் நோயாளிகளை அவரைப் போலத் தூக்க ஒருவராலும் முடியாது. "இன்னாம்மா நீ, அந்த அண்ணாச்சிய நாற்காலிலயே குந்த வச்சிகினு கீற? நேத்து கக்கூஸ்ல குந்திட்டு எயுந்துக்க முடியாம கூவிகினு இருந்தாரு. நான் போய்த் தூக்கி வுட்டேன். கீய குந்தினா அவரால எயுந்துக்க முடியல. நோட்டுல எயுதி வச்சுக்கோ."

அது காலைப் பார்க்கிறவர்களிடம் சொல்ல வேண்டியது என்றேன். "கால் வேற, கை வேறயா? ஒரே ஆளுதானம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ஆவணி நெருங்கியது. வேலைக்குத் திரும்பலாம் என்று சான்றுக் கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: பணியிடத்தை நேரில் பார்த்த விவரம். மேடம் இதை வகுப்பில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். போய்ப் பாருங்கள், ஒரு மணி நேரமாவது நில்லுங்கள், அவர்கள் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நான் போகவில்லை. அந்தக் கடை எனக்குத் தெரியாதா என்ன? நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அங்கேதான் பட்டு எடுப்போம். இரண்டு மாதத்துக்கு முன்னால்கூடச் சித்தி பெண் கல்யாணத்துக்காக அம்மாவோடு போய், அந்த வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைக்கு எதிரே அரைநாள் உட்கார்ந்திருந்தேன். புடவை வாங்கப் போன அந்த நாளையே படிவத்தில் எழுதினேன். "விற்பனைப் பிரிவு பார்வையிடப்பட்டது. பணிச்சூழல் ஏற்றது." மேடம் கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது, என் பரீட்சை என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை, நான் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். இந்த முறை பார்க்க விரல்கள் இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"விழுந்துட்டாரு டாக்டரம்மா."

வேலைக்குப் போன மூன்றாம் நாள். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு பெரிய குடும்பம் வந்திருக்கிறது. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விரித்துக் காட்டியிருக்கிறார். கை வேலை செய்தது, ஒரு குறையும் இல்லை. பெண்ணின் அம்மா பின்னால் அலமாரியில் இருக்கும் பச்சையை எடுக்கச் சொன்னாள். முழங்காலை ஊன்றி எழுந்து திரும்ப வேண்டும். கால் மரத்துப் போய் விறைத்திருந்தது. எழும்போது பிடிக்க ஒன்றும் இல்லாமல், விரித்துக் கிடந்த பட்டைப் பிடித்தார். ஜரிகை கிழிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் மேல் போய் விழுந்தார்.

"பொம்பளைங்க மேல டாக்டரம்மா. அதைத்தான் அவருக்குத் தாங்க முடியல. வந்ததுலேர்ந்து சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காரு."

அப்போதுதான் என் கண்ணுக்கு அந்தக் கடை தெரிந்தது. எத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் சம்மணம் போட்டிருப்பதை, ஒரு முழங்காலில் எழுந்து திரும்புவதை, அலமாரிக்கு எட்டிவிட்டு மறுபடி உட்காருவதை, ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் புடவையைத்தான். என் பதினேழு படிகளில் அண்ணாச்சிக்கு இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை.

அந்த அம்மாள் அழவில்லை. யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். "முதலாளி கோவப்படல. ஆஸ்பத்திரி என்ன சொல்லுதுன்னு கேட்டு வாங்கன்னாரு. ஒரு மாசம் பழக்குனா எந்திரிக்க வருமா? இல்ல, அலமாரிக்கிட்ட பிடிக்க ஒரு கம்பி அடிச்சாப் போதுமா? எதுன்னாலும் ஒரு லெட்டர் எழுதித் தாங்க. ஆஸ்பத்திரி காயிதம்னா முதலாளி மதிப்பாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கணும். சனிக்கெழம புது ஆளு வாரான்."

கம்பி. ஒரே ஒரு கைப்பிடிக் கம்பி. மூன்று வருஷம் படித்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருந்தது.

கடிதம் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதில் மேடம் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன், ஏன் விழுந்தார் என்று கேட்பார். கேட்டால் படிவம் வெளியே வரும். நேரில் பார்த்தேன் என்று எழுதிய பொய் வெளியே வரும். பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது என் ஆறு மாத வேலை, வேலைக்குத் திரும்பினார் என்று சிவப்பு மையில் நான் எழுதிவைத்திருந்த கடைசிப் பக்கம், எல்லாம் போய்விடும். அம்மா சொன்னது சரி என்றாகிவிடும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இன்று சொல்ல முடியாது. ரொம்ப நேரம் ஆகவில்லை என்பது மட்டும் தெரியும்.

"பரீட்சை நேரம்மா. மேடம் பிஸியா இருக்காங்க. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வாங்க, எழுதி வைக்கிறேன்" என்றேன்.

"வெள்ளிக்கெழம..." என்று ஆரம்பித்தார்.

"முதலாளி நல்லவர்தானே. நாலு நாள் பொறுக்க மாட்டாரா?"

அவர் என் மேசையில் இருந்த வண்ணப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் மேசை முன்னால் ஒரு மனிதன் புடவையை உதறிக்கொண்டிருந்தான். பிறகு போய்விட்டார். புதன், வியாழன், வெள்ளி என்று ஒவ்வொரு நாளும் வாசல் பக்கம் நிழல் விழுந்தால் எனக்குத் திக்கென்றது. அவர் வரவில்லை. வராததில் எனக்கு நிம்மதிதான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தார். தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. என் பதினேழு படிகளை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். மூட்டுக் கோணங்களின் அளவுகளைப் பார்த்தார். பக்கவாதம் வந்த ஒரு கை இவ்வளவு தேறியது அபூர்வம் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "இப்போது அவர் எங்கே?"

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குத் திரும்பிவிட்டார், சார்" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அன்று மாலையே மேடம் கூப்பிட்டு, நான்தான் முதல் என்று சொன்னார். வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். எதிர்வீட்டு மாமிக்கும் ஒரு டம்ளர் போனது.

செவ்வாய்க்கிழமை நான் காத்திருந்தேன். அவர் மனைவி வரவில்லை. நானே கடிதத்தை எழுதினேன். ஒரு மாதப் பயிற்சி தேவை, தரையிலிருந்து எழுந்து நிற்கப் பழக்குகிறோம், அலமாரி ஓரம் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தினால் இவரால் பழைய வேலையைச் செய்ய முடியும். மேடம் என்மேல் இருந்த சந்தோஷத்தில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

புதன்கிழமை பிற்பகல் அடையாற்றில் பஸ் ஏறி தி.நகரில் இறங்கினேன். மழை வரும்போல இருந்தது. கடை வாசலில் கல்யாணக் கூட்டம். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எண் போட்ட தகட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். செருப்புகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சி.

உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பு சாய்த்து வைத்திருந்தது. வெள்ளைச் சட்டை, விபூதி எல்லாம் முன்போலவே. யாரோ ஒரு பெண்ணின் செருப்பை வலது கையால் எடுத்துச் சட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மா! வாங்க, வாங்க." எழுந்து நிற்க முயன்றார். ஸ்டூலிலிருந்து நன்றாகவே எழுந்தார். "நீங்க எப்படி இருக்கிய?"

"அண்ணாச்சி, நீங்க... உள்ள..."

"உள்ள சனிக்கெழமையே ஆளு போட்டாச்சு. முதலாளி நல்லவரு டாக்டரம்மா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லல. வெள்ளிக்கெழம சாயந்திரம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஆஸ்பத்திரியில இருந்து காயிதம் எதும் வந்துச்சான்னு. இவ மறுபடி உங்களைப் பாக்கக் கெளம்புனா. நாந்தான் போவாதன்னு சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பரிச்ச நேரம், என் கையை வச்சுத்தான் எழுதப் போவுது, இப்பப் போயி அலைக்கழிக்காதன்னேன்."

உள்ளே மெத்தைப் பக்கமிருந்து ஒரு புதுக்குரல், வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

"பரிச்ச என்னாச்சு? பாஸாயிட்டியளா?"

"ஆயிட்டேன் அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும்!" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் தகட்டை நீட்டி நின்ற ஒரு பெரியவரிடம், "ஐயா, இவங்கதான் என் கைக்கு வைத்தியம் பாத்தவங்க. பெரிய பரிச்சையில ஜெயிச்சிருக்காங்க" என்றார். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாச்சி குனிந்து என் காலடியைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டுங்க, நான் பாத்துக்கிடுதேன். சேலை எடுக்கத்தான வந்திருக்கிய? அம்மா வரலையா?"

கடிதம் என் கைப்பையில் இருந்தது. உள்ளே போய் முதலாளியைப் பார்த்திருக்கலாம். கெஞ்சியிருக்கலாம், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடிதத்தை எடுத்தால், இது ஏன் வெள்ளிக்கிழமை வரவில்லை என்று அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். அவர் இன்னும் என் பாதத்தைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணாச்சி. சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன்.